‘பிறகு பார்க்கலாம்’ என்றால் மழுப்பல் அல்ல

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று மாதமாக விட்டுவிட்டு ரத்தம் பட்டிருக்கிறது; எங்களிடம் சொன்னதே தாமதமாகத்தான். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 14 மி.மீ. தடித்திருப்பதாக வந்தது. பயாப்ஸியில் ‘எண்டோமெட்ரியாய்டு அடினோகார்சினோமா, கிரேடு 1’ என்று எழுதியிருக்கிறார்கள். போன வருடம் எடுத்த பாப் டெஸ்ட் நார்மல். அப்புறம் எப்படி இது வந்தது? எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு ஆபரேஷன் என்கிறார் மருத்துவர். பெட் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், கேன்சருக்கான ரத்தப் பரிசோதனைகளும் வேண்டும் என்கிறார் அண்ணன். கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார் பெரியம்மா. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு, கீமோ எல்லாம் தேவைப்படுமா என்று கேட்டால், மருத்துவர் ‘பிறகு பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்கிறார். எதையோ மறைக்கிறாரோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு வயது 34. எனக்கும் வருமா? அம்மாவிடம் ‘சின்னக் கட்டி’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம்.

பதில்: உங்கள் கடிதத்தில் நிறையக் கேள்விகள் இருக்கின்றன. ஆனால் என்னை நிறுத்தியது ‘எதையோ மறைக்கிறாரோ’ என்ற வரிதான். உங்கள் அம்மாவின் கோப்பை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன். அந்த மருத்துவர் சொன்னதிலேயே நேர்மையான பதில் அந்த ‘பிறகு பார்க்கலாம்’தான். அறிக்கையில் இருக்கும் அந்த நீளமான பெயருக்குக் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்று என்று பொருள். இந்த நோயில் கதிர்வீச்சு வேண்டுமா வேண்டாமா என்பதை எடுத்த கர்ப்பப்பை சொல்லும். எடுக்காத கர்ப்பப்பை சொல்லாது. இப்போதே ‘ஒன்றும் தேவைப்படாது’ என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

முதலில் பாப் டெஸ்ட். கர்ப்பப்பையைத் தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே காம்புப் பக்கம் குறுகி யோனிக்குள் எட்டிப் பார்ப்பது கர்ப்பப்பை வாய். பாப் டெஸ்ட்டில் அந்த வாயின் மேலிருக்கும் செல்களைத்தான் வருடி எடுப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு நோய் வந்திருப்பது பேரிக்காயின் உள்ளறையில். போன வருட முடிவு தப்பும் இல்லை, யாரும் கவனக்குறைவாகப் பார்த்துவிடவும் இல்லை. அந்தச் சோதனையிடம் கேட்டது வேறு கேள்வி. உள்சவ்வுப் புற்றை அது சில சமயம் தற்செயலாகக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். அறிகுறி இல்லாத பெண்களிடம் உள்சவ்வுப் புற்றைத் தேடிப் பிடிக்க, கர்ப்பப்பை வாய்க்கு இருப்பதுபோல வழக்கமான சோதனை எதுவும் கிடையாது.

ஆனால் இந்த நோய் பெரும்பாலும் தானே சத்தம் போட்டுவிடும். கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்று வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தப்போக்கு இருந்திருக்கும். திருப்பிப் பார்த்தால் கணக்கு வேறு: மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்ட பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கும். மற்றவர்களுக்கு சவ்வு மெலிந்து உலர்ந்திருக்கும், அல்லது சிறிய சதை வளர்ச்சி இருக்கும். அந்தப் பத்தில் ஒருவர் யார் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் ஒரு சொட்டானாலும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறோம். ஸ்கேனில் உள்சவ்வு 4 மி.மீ. அல்லது அதற்குள் இருந்தால் புற்றுக்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அதற்கு மேல் போனால் பயாப்ஸி. இதைப் படித்துவிட்டு உங்கள் பழைய ஸ்கேனை எடுத்துப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மாதவிலக்கு வரும் வயதில் அந்தச் சவ்வு மாதத்தின் பாதி நாள் 4 மி.மீ.க்கு மேலேதான் இருக்கும். அது இயல்பு.

சரி, இப்போது பயாப்ஸி அறிக்கை. உங்கள் கையில் இருப்பதில் எடை கூடிய தாள் அதுதான், ஸ்கேன் அல்ல. கிட்டத்தட்ட 3 மி.மீ. பருமனுள்ள ஒரு குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்த சில சதைத்துணுக்குகளை மெழுகில் பதித்து, முடியை விட மெல்லிய சீவல்களாக வெட்டி, இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சாயமேற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். உள்சவ்வு இயல்பாகச் சின்னச் சின்னச் சுரப்பிக் குழாய்களாக அமைந்திருக்கும். புற்றுச் செல்கள் எந்த அளவுக்கு இன்னும் அந்தக் குழாய் வடிவத்தை ஞாபகம் வைத்திருக்கின்றன என்று அவர் பார்ப்பார். வடிவம் கெட்டுத் திட்டுத்திட்டாகக் கிடக்கும் பகுதி 5 சதவீதத்துக்குள் இருந்தால் கிரேடு 1. 50 சதவீதம் வரை கிரேடு 2. அதற்கு மேல் கிரேடு 3. உங்கள் அம்மாவுடையது ஞாபகசக்தி உள்ள ரகம். மெதுவாக வளரும், தாமதமாகப் பரவும்.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் ‘கிரேடு 3’ என்ற வரியைப் படித்துவிட்டு மூன்றாம் ஸ்டேஜ் என்று நினைத்து அழுதபடி வருகிறார். கிரேடு என்பது நோயின் குணம். ஸ்டேஜ் என்பது அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. குணத்தைத் துணுக்கில் பார்த்துவிடலாம். தூரத்தை முழுதாகப் பார்க்க உறுப்பே வேண்டும்.

அண்ணனின் பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொரு சோதனையையும் பற்றி அவர் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: இதில் ஒன்று தெரியவந்தால் சிகிச்சை எப்படி மாறும்? பதில் இருந்தால் எடுக்கலாம். ‘எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம்’ என்பது பதில் அல்ல.

எம்.ஆர்.ஐ.க்குப் பதில் உண்டு. கர்ப்பப்பையின் சுவர் கனமான தசை. நோய் அந்தத் தசையின் பாதிக்குள் நிற்கிறதா, பாதியைத் தாண்டிவிட்டதா, கீழே வாய்ப் பகுதிக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. ஓரளவு நன்றாகவே காட்டும். ஆபரேஷனை எந்த அளவில் திட்டமிடுவது என்பதை அது மாற்றும். உடம்பு முழுக்கப் புற்றைத் தேடும் பெட் ஸ்கேனின் கதை வேறு. கிரேடு 1, கர்ப்பப்பைக்குள்ளேயே நிற்பதாகத் தோன்றும் நோய் என்றால் அதை வழக்கமாக எடுப்பதில்லை. சில மில்லிமீட்டர் அளவுள்ள பரவல் அதில் தெரியாது. போன மாதம் வந்த சளியால் வீங்கிய நெறிக்கட்டி பளிச்சென்று தெரியும். அப்புறம் அதற்கு ஓர் ஊசிப் பயாப்ஸி, ஒரு வாரக் காத்திருப்பு, வீட்டில் தூக்கமின்மை. பயாப்ஸியில் கிரேடு 3 என்றோ, ‘சீரஸ்’ என்றோ, ‘கார்சினோசார்கோமா’ என்றோ முரட்டு ரகத்தின் பெயர் வந்திருந்தால் நானே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. அல்லது பெட் ஸ்கேன் கேட்டிருப்பேன்.

ரத்தப் பரிசோதனை என்று அவர் சொல்வது அநேகமாக சி.ஏ.125 என்ற புரதத்தின் அளவு. அதை வைத்துப் புற்று உண்டு, இல்லை என்று தீர்ப்பு எழுத முடியாது. நார்த்திசுக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது), வயிற்றுக் காசநோய், ஏன், சாதாரண மாதவிலக்கு நாட்களில்கூட அது ஏறும். அதே சமயம், சினைப்பைப் புற்று முதல் ஸ்டேஜில் இருக்கும் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது நார்மலாகவே இருக்கும். நோய் பரவியிருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு, பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப் புள்ளியாக எடுத்து வைப்போம். உடம்பு முழுக்கப் பரிசோதனை என்ற பெயரில் நல்ல உடம்போடு இருப்பவர்களுக்கு இதை எடுத்து, எண் இயல்பைவிடச் சற்றுக் கூடி 40 என்று வந்து, கூட்டிக்கொண்டு ஓடிவரும் குடும்பங்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

பெரியம்மாவின் பயம் பழையது. அதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். ஸ்கேன்கள் இல்லாத காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்து, எங்கும் பரவியிருக்கிறது என்று அப்படியே மூடிவிடுவார்கள். சில மாதங்களில் நோயாளி போய்விடுவார். பழி கத்தி மேல் விழுந்தது. கத்தியோ காற்றோ பட்டு இந்த நோய் பரவுவதில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது: புற்றுள்ள கர்ப்பப்பையை வயிற்றுக்குள் வைத்தே துண்டு துண்டாக நறுக்கி எடுத்தால் செல்கள் சிதற வாய்ப்புண்டு. அதனால்தான் அதை முழுதாக, உடைக்காமல், யோனி வழியாக வெளியே எடுக்கிறோம். ‘முழுதாகத்தானே எடுப்பீர்கள்?’ என்று அறுவை மருத்துவரிடம் நீங்கள் கேட்கலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

துளைவழி ஆபரேஷனா, வயிறு திறந்தா என்ற குழப்பமும் வரும். யாராவது ஒருவர் ‘லேப்ராஸ்கோப்பி கேன்சருக்கு ஆகாது’ என்பார். அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல, இடம்தான் வேறு. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் துளைவழி அறுவை செய்த பெண்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று 2018இல் வெளிவந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. நாங்களும் எங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். உள்சவ்வுப் புற்றில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்லின: ஆயுளில் வித்தியாசமில்லை, துளைவழியில் செய்தவர்கள் சீக்கிரம் எழுந்து நடமாடினார்கள். ஒரே உறுப்பின் இரண்டு முனைகளுக்கு இரண்டு விதி. பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் அனுபவத்தை நம் நோயாளிக்குப் பொருத்திப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனில் கர்ப்பப்பை, அதன் வாய், இரண்டு கருக்குழாய், இரண்டு சினைப்பை ஆகியவை போகும். 61 வயதில் சினைப்பைகளை விட்டுவைப்பதில் லாபம் எதுவும் இல்லை. (35 வயதுப் பெண், கிரேடு 1, இன்னும் குழந்தை வேண்டும் என்பவர் என்றால் பேச்சே வேறு. எம்.ஆர்.ஐ.யில் நோய் தசைக்குள் இறங்கவில்லை என்று தெரிந்தால், புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து கொடுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பயாப்ஸி எடுத்துப் பார்த்தபடி கர்ப்பப்பையைக் காப்பாற்றி வைக்கும் வழி இருக்கிறது.) நிணநீர் முடிச்சுகளை என்ன செய்யப்போகிறார்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் இடுப்புக்குள் இருக்கும் முடிச்சுகளை வழித்து எடுத்துவிடுவோம். ஆரம்ப நிலையில் அதனால் ஆயுள் கூடவில்லை என்று பிறகு தெரிந்தது. கால் வீக்கம்தான் கூடியது. சிலருக்கு அது வாழ்நாள் முழுக்க நிற்கும். இப்போது பல இடங்களில் ‘காவல் முடிச்சை’ மட்டும் தேடி எடுக்கிறோம். ஆபரேஷன் மேஜையில் கர்ப்பப்பை வாயில் ஒரு பச்சைச் சாயத்தை ஊசியால் ஏற்றுவோம். கேமராவை அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளிக்கு மாற்றினால், இருண்ட திரையில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு ஊர்ந்து போய் ஒரு மணியில் நிற்கும். கர்ப்பப்பையிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சு அது. இரண்டு பக்கமும் அதை மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் போதும். நோய் போயிருந்தால் முதலில் அங்கேதான் போயிருக்கும்.

இனிதான் அந்த ‘பிறகு’. எடுத்த உறுப்பை முழுதாக வெட்டிப் பார்த்து அறிக்கை வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், சில சமயம் கொஞ்சம் கூடுதலாகவும். அதில் நீங்கள் தேட வேண்டியவை: தசையில் எவ்வளவு ஆழம், வாய்ப் பகுதி, முடிச்சுகள், சினைப்பைகள், அப்புறம் நுண்ணிய ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றுச் செல்கள் இருந்தனவா என்ற வரி. முழு உறுப்பைப் பார்த்த பிறகு கிரேடே மாறுவதும் உண்டு. துணுக்கில் 1, உறுப்பில் 2. அப்படி வந்தால் முதல் மருத்துவர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். துணுக்கில் கிடைத்தது அவ்வளவுதான்.

கிரேடு 1, ஆழம் பாதிக்குள், குழாய்களில் எதுவுமில்லை, முடிச்சுகள் சுத்தம் என்று வந்தால் பொதுவாக வேறு சிகிச்சை தேவையில்லை. கண்காணிப்பு மட்டும். உங்கள் அம்மாவின் பயாப்ஸியை வைத்துப் பார்த்தால் இந்த வழிக்குத்தான் வாய்ப்பு அதிகம். கர்ப்பப்பைக்குள்ளேயே நிற்கும் உள்சவ்வுப் புற்றில் ஐந்து வருடம் தாண்டி நலமாக இருப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். ஆழம் பாதியைத் தாண்டினாலோ கிரேடு ஏறினாலோ, நோய் திரும்பினால் முதலில் தலைகாட்டும் இடமான யோனியின் மேல்முனைக்கு மட்டும் உள்கதிர்வீச்சு கொடுப்போம். உருளை வடிவக் கருவி ஒன்றை உள்ளே வைத்து, சில நிமிடங்கள் கதிர் கொடுத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் மூன்று முறைக்குள் முடிந்துவிடும், முடி கொட்டாது, அன்றே வீடு திரும்பலாம். இடுப்பு முழுவதற்கும் வெளியிலிருந்து கதிர் கொடுப்பது ஏறத்தாழ ஐந்து வார வேலை. வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல், களைப்பு எல்லாம் வரும். முடிச்சுக்கு நோய் போயிருந்தாலோ, குணம் மோசமான ரகமாக இருந்தாலோ கீமோ: கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் என்ற இரண்டு மருந்துகள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முடி கொட்டும், திரும்ப வளரும். விரல் நுனி மரத்துப்போவதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன், சிலருக்கு அது சீக்கிரம் போவதில்லை. முற்றிய நிலையிலும் திரும்பி வந்த நிலையிலும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகளைக் கீமோவோடு சேர்ப்பதால் பலன் இருப்பதை 2023இல் வெளியான ஆய்வுகள் காட்டின. உங்கள் அம்மாவுக்கு இப்போது அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

இதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரியும் உள்சவ்வுப் புற்றுகள் மரபணு அளவில் நான்கு குடும்பங்களாகப் பிரிகின்றன என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். அதனால் அறிக்கையில் பி53, எம்.எம்.ஆர்., போல்-ஈ என்று, அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டும் சோதனைகளின் பெயர்கள் வரும். பி53 மாறுபட்டிருந்தால் நோய் சிறிதாக இருந்தாலும் நாங்கள் உஷாராகிவிடுவோம், கீமோ பற்றிப் பேசுவோம். போல்-ஈயில் மாற்றம் இருந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும் புற்றுகூட நல்லபடியாக நடந்துகொள்ளும். 2023இல் திருத்திய ஸ்டேஜ் முறை இவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே கர்ப்பப்பை 2009 முறைப்படி முதல் ஸ்டேஜாகவும் 2023 முறைப்படி இரண்டாவதாகவும் இருக்க முடியும். ஸ்டேஜ் எண்ணைக் கேட்டால், எந்த வருட முறை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்களுக்கு வருமா என்ற கேள்விக்கான பதிலும் அங்கேதான், எம்.எம்.ஆர். வரியில் இருக்கிறது. செல் பிரியும்போது மரபணுவில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களைப் பார்க்கும் சோதனை அது. நான்கும் இருந்தால், குடும்பத்தில் வேறு புற்றுகள் இல்லாத பட்சத்தில், பரம்பரை பற்றிய கவலையை ஓரளவு இறக்கி வைக்கலாம். ஏதாவது ஒன்று காணாமல் போயிருந்தால் உடனே பரம்பரை என்று முடிவு கட்டக் கூடாது. அந்த நான்கில் ஒன்றான எம்.எல்.எச்.1 காணவில்லை என்றால் பெரும்பாலும் அது வயதோடு அந்த ஒரு கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றம். அதை உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு. மற்றவை காணவில்லை என்றால் மரபியல் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு உள்சவ்வுப் புற்றுகளில் நூற்றுக்கு மூன்று பேரிடம் இருக்கும். இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, பெருங்குடல் புற்றின் ஆபத்தும் கூடும். பிள்ளைகள் என்றால் அண்ணனும்தான். பெட் ஸ்கேனுக்காக அவர் போடும் சண்டையை இந்தச் சோதனைக்காகப் போட்டால் அவருக்கே பிரயோஜனம். பயாப்ஸித் துணுக்கிலேயே இதைச் செய்யலாம், அந்த மெழுகுக் கட்டியை ஆய்வகம் பத்திரமாக வைத்திருக்கும்.

எம்.எம்.ஆர். சரியாக இருந்தால் நீங்கள் தனியாக எந்தச் சோதனையும் தேடி ஓட வேண்டாம். மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போவது, இடையில் ரத்தம் படுவது இவற்றை மட்டும் ‘டென்ஷன்தான் காரணம்’ என்று விட்டுவிடாதீர்கள். உடல் எடை இந்த நோயோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது; கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும், அது உள்சவ்வை வளரச் சொல்லிக்கொண்டே இருக்கும். கர்ப்பப்பை வாய்ச் சோதனையை வழக்கம்போல் தொடருங்கள், அது வேறு நோய்க்கானது.

ஆபரேஷன் தேதிக்குச் சில வாரங்கள் ஆவதைப் பற்றிப் பதற வேண்டாம். அந்த நாட்களில் அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ரத்த சோகை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையும் அளவுக்குப் போக்கு வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக அந்தச் ‘சின்னக் கட்டி’. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணிக்கு ஆபரேஷன் செய்தேன். பிள்ளைகள் கெஞ்சிக் கேட்டார்கள் என்று நானும் அவரிடம் ‘கட்டி’ என்றே சொல்லி வந்தேன். உள்கதிர்வீச்சுக்கு அழைத்துப் போனபோது அவர் வாசல் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். திரும்பி என்னைப் பார்த்து, ‘நீங்களுமா டாக்டர்?’ என்றார். சிகிச்சை முடியும்வரை அவர் தன் பிள்ளைகளிடம் சரியாகப் பேசவே இல்லை. அதன்பிறகு நான் அந்த வேஷத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது உங்கள் அம்மா. எதற்குப் போடுகிறோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். ‘உனக்கு என்னவென்று நினைக்கிறாய், அம்மா?’ என்று முதலில் கேளுங்கள். பாதி நேரம் அவர்களே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்கள், அல்லது எனக்கு விவரம் வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். இரண்டுமே சரிதான். எம்.ஆர்.ஐ.க்குப் போகும் முன்பே இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் தனியாகப் படுத்திருக்கப் போவது அவர்தான். உள்ளே என்ன தேடுகிறார்கள் என்று தெரியாமல் அவரைப் படுக்க வைக்காதீர்கள்.